உளவியலின் தோற்றம்: உரிமை கோரலும் ஸனதும்

உளவியல் என்னும் துறை எப்போது, எங்கே, யாரால் தோற்றுவிக்கப்பட்டது என்ற வினாவுக்கு நம்மிடையே இரண்டு ஆயத்த விடைகள் புழங்குகின்றன. முதலாவது பல்கலைக்கழகப் பாடநூல்கள் தருவது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879ஆம் ஆண்டு வில்ஹெல்ம் வூண்ட் நிறுவிய ஆய்வுக்கூடமே இத்துறையின் தொட்டில் என்றும், அதற்கு முன்னிருந்தவை யாவும் தத்துவ ஊகங்கள் என்றும் அது கூறும். இரண்டாவது நமது மேடைகளிலும் இதழ்களிலும் கேட்பது. வூண்டுக்கும் ஃபிராய்டுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே முஸ்லிம் அறிஞர்கள் உளவியலைக் கண்டறிந்துவிட்டனர் என்றும், மேற்குலகம் அதனை மறைத்துவிட்டது என்றும் அது கூறும்.

பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவர் முதல் விடையைத் தேர்வுத்தாளில் எழுதுகிறார். இரண்டாவதை மீலாது மேடையில் கேட்கிறார். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, எது நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் நம்மிடையே குறைவு. ஹதீஸ் கலையைப் பேணி வளர்த்த ஒரு சமுதாயத்துக்கு இது அழகன்று. ஒரு செய்தி நமக்கு உவப்பானது என்பதற்காக அதனை ஏற்கலாகாது. அதன் ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர், அறுபடாமல் உள்ளதா என்றும், அதன் மத்ன், அதாவது உள்ளடக்கம், பழுதற்றதா என்றும் சோதிக்க வேண்டும் என முஹத்திஸ்கள் நமக்குக் கற்பித்துள்ளனர். அந்த உரைகல்லையே நாம் இங்கும் எடுத்துக்கொள்கிறோம்.

லைப்சிக்கில் புதிதாக நிகழ்ந்தது என்ன?

பாடநூல் விடை முற்றிலும் பொய்யன்று. 1786இல் இம்மானுவேல் காண்ட், உள்ளத்தைப் பற்றிய ஆய்வு ஒருபோதும் முறையான இயற்கை அறிவியலாக முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார். அக நிகழ்வுகளுக்குக் கணிதத்தைப் பொருத்த இயலாது என்பது அவர் காட்டிய காரணம். அடுத்த நூறாண்டின் வரலாறு இத்தீர்ப்பை உடைத்த வரலாறு எனலாம். எர்ன்ஸ்ட் வெபர் என்னும் உடலியல் அறிஞர், மனிதர்களிடம் எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, இரண்டுக்குமிடையே வேறுபாடு தென்படத் தேவையான மிகக் குறைந்த அளவைக் கண்டறிந்தார். 40 பங்கு எடையுடன் ஒரு பங்கைக் கூட்டினால் வேறுபாடு தெரியுமெனில், 80 பங்கு எடையுடன் இரண்டு பங்கைக் கூட்டினால்தான் தெரியும். உணர்வு விகிதத்தைப் பின்பற்றுகிறது. ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் துடிப்புச் செல்லும் வேகத்தை அளந்தார். அளக்கவே முடியாத விரைவுடையது என்று கருதப்பட்ட அது, நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான் என்று தெரியவந்தது. குஸ்டாவ் ஃபெக்னர் 1860இல், புறத் தூண்டலுக்கும் அக உணர்வுக்கும் இடையிலான உறவைச் சூத்திரமாக்கி, உளப்பௌதிகம் என்னும் துறைக்கு அடித்தளமிட்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த வூண்ட், இவ்வோடைகளையெல்லாம் ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்த்தார்.

ஆகவே லைப்சிக்கில் பிறந்தது உள்ளத்தைப் பற்றிய சிந்தனை அன்று. மூன்று வேறு செய்திகள் அங்கே ஒன்றுசேர்ந்தன: உணர்வுக்கு எண் தரும் அளவை, ஒருவர் செய்த சோதனையை மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும் ஒழுங்கு, அவ்வொழுங்கில் பயின்ற மாணவர்கள் பல நாடுகளுக்குச் சென்று அதே போன்ற கூடங்களை நிறுவிய தொடர்ச்சி. மூன்றாவதை நாம் ஸனது என்று அழைப்போம். 1908இல் ஹெர்மன் எபிங்ஹாஸ், உளவியலின் கடந்த காலம் நீண்டது, ஆனால் அதன் வரலாறு குறுகியது என்ற கருத்தை வெளியிட்டபோது இவ்வேறுபாட்டையே மனத்தில் கொண்டிருந்தார் எனலாம்.

எனினும் பாடநூல்கள் இருவரைப் பற்றிய பாதிச் செய்தியை விட்டுவிடுகின்றன. ஃபெக்னர் அளவுகோலைத் தேடியது ஆன்மாவை நிராகரிப்பதற்காக அன்று. உடலும் உள்ளமும் ஒரே மெய்ம்மையின் இரு முகங்கள் என்றும், தாவரங்களுக்கும்கூட ஆன்மா உண்டு என்றும் நம்பியவர் அவர். அந்நம்பிக்கைக்குக் கணிதச் சான்று தேடியே சூத்திரத்தை வந்தடைந்தார். பின்வந்தோர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, எதற்காக அளக்கத் தொடங்கினார் என்பதைக் கைவிட்டனர். வூண்டோ, மொழி, தொன்மம், வழக்கம் ஆகியவற்றில் வெளிப்படும் உயர்நிலைச் சிந்தனையை ஆய்வுக்கூடச் சோதனையால் எட்ட முடியாது என்று கருதி, 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகளாக மக்களின உளவியலை எழுதினார். 1929இல் எட்வின் போரிங் எழுதிய புகழ்பெற்ற வரலாறு ஆய்வுக்கூட மரபையே முதன்மை நீரோட்டமாக்கியது. அந்தப் பத்துத் தொகுதிகள் நிழலில் தங்கின.

மேலும், தொட்டிலிலேயே இத்துறை உறுதிப்பட்டுவிட்டதாகக் கருதுவதும் சரியன்று. பயிற்சி பெற்றவர் தம் அகத்தைத் தாமே உற்றுநோக்கி அறிவிப்பது வூண்டுக்குப் பின் முதன்மை முறையாயிற்று. படிமம் இல்லாத சிந்தனை உண்டா என்ற வினா எழுந்தபோது, வூர்ட்ஸ்பர்க் கூடத்தார் உண்டு என்றனர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிட்செனரும் அவருடைய மாணவரும் இல்லை என்றனர். நடுவர் எவரும் இல்லை. 1913இல் ஜான் வாட்சன், உணர்வுநிலை என்ற சொல்லையே ஒதுக்கிவிட்டு, நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறிவித்தார். ஆன்மாவின் இயல் என்ற பெயரில் தொடங்கியது, உணர்வுநிலையின் இயலாகி, நடத்தையின் இயலாகச் சுருங்கிய கதை இது.

இப்னுல் ஹைஸம் மீதான உரிமை கோரல்

இனி நமது விடைக்கு வருவோம். அதன் மிக வலுவான வடிவத்தை எடுத்துக்கொள்வதே நேர்மை. 1999இல் சூடானிய உளவியலாளர் உமர் கலீஃபா ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். உளப்பௌதிகத்தின் நிறுவனர் ஃபெக்னர் அல்லர், சோதனை உளவியலின் நிறுவனர் வூண்ட் அல்லர். இரண்டுக்கும் உரியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸமே (965–1040) என்பது அதன் வாதம். அன்று முதல் இக்கூற்று நம் இதழ்களில் ஐயத்திற்கிடமற்ற உண்மையாக எடுத்தாளப்பட்டு வருகிறது.

ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' உண்மையில் வியப்புக்குரியது. அதன் இரண்டாம் பாகத்தில் ஆசிரியர், காணுதல் என்பது கண்ணோடு முடிவதில்லை என்று நிறுவுகிறார். ஒளியையும் நிறத்தையும் புலன் நேரடியாக உணர்கிறது. முன்பு கண்டதை மீண்டும் கண்டு அறிந்துகொள்வது நினைவின் துணையால். தொலைவு, பருமன், ஒப்புமை ஆகியவற்றை அறிவதோ பகுத்துணர்தலாலும் கியாஸினாலும். இக்கியாஸ் மிக விரைவாக நிகழ்வதால் தாம் அதைச் செய்வதை மனிதர் உணர்வதில்லை. இரு பொருள்களில் அழகானதைத் தேர்ந்தெடுக்கும் சிறுவனை அவர் சான்று காட்டுகிறார்: அச்சிறுவன் ஒப்பிட்டு முடிவெடுக்கிறான், ஆனால் ஒப்பிடுதல் என்றால் என்னவென்று அவனைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. தன்னையறியாமல் நிகழும் அனுமானம் என்னும் இக்கருத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்வைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். மூன்றாம் பாகத்தில் பார்வைப் பிழைகள் ஆராயப்படுகின்றன; இரு கண்களும் ஒரு பொருளை எப்போது ஒன்றாகவும் எப்போது இரண்டாகவும் காண்கின்றன என்பதை, ஒரு பலகையின் மீது மெழுகுத் துண்டுகளை நிறுத்திச் சோதித்துப் பார்க்கும் முறையை அவர் விவரிக்கிறார். இத்தகைய சோதனைக்கு அவர் இட்ட பெயர் 'இஃதிபார்'.

இவையெல்லாம் இருந்தும் கலீஃபாவின் கூற்று நிற்கவில்லை என்பதே நமது முடிவு. 2008இல் பார்வை உளவியலாளர் கிரெய்க் ஆன்-ஸ்டாக்டேல் இக்கூற்றைப் பரிசீலித்து, மிகைப்படுத்தப்பட்டது என்று எழுதினார். உளப்பௌதிகத்தின் உயிர் அளவையில் உள்ளது. தூண்டலைப் படிப்படியாக மாற்றி, உணர்வு மாறும் எல்லையை எண்ணால் குறித்து, இரண்டுக்குமிடையே விதி காண்பதே அது. இப்னுல் ஹைஸம் ஒளியின் வழியை வடிவகணிதத்தால் ஆராய்ந்தார். பார்வையின் தீர்ப்புகளை நுணுகி விளக்கினார். உணர்வின் அளவுக்கு எண் தரவில்லை. அவர் கேட்ட வினா அதுவன்று. மத்னில் இக்கூற்று நழுவுகிறது.

ஸனதைப் பார்த்தால் நிலைமை வேறுவகையில் சுவையானது. ஒளியியலில் அவருடைய தொடர் அறுபடவில்லை. நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. விட்டெலோ அதைப் பின்பற்றி எழுதினார். 1572இல் பாசல் நகரில் அச்சாயிற்று. 1604இல் கெப்ளர் தமது ஒளியியல் நூலை விட்டெலோவுக்கு எழுதிய துணைநூல் என்றே பெயரிட்டார். நம் பக்கத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதினார். ஆகவே மறைக்கப்பட்டார் என்ற புகார் இவர் விஷயத்தில் பொருந்தாது. அவருடைய முறையான இடத்தில் அவர் வீற்றிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபெக்னரின் நாற்காலியில் நம்மவரை அமர்த்தத் துடிப்பவர், அந்த நாற்காலிதான் உயர்ந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். பெருமை பேசுவது போன்ற தோற்றத்தில் இது ஒருவகைப் பணிவே. தம் சொந்த அளவுகோலால் தம் முன்னோரை மதிக்கத் தெரியாதவரே பிறருடைய பட்டங்களை அவர்களுக்குச் சூட்டி மகிழ்வர்.

அல்-பல்கீயும் அறுபட்ட தொடரும்

உளநோய்கள் பற்றிய ஆய்வில் நம் மரபின் மிகச் சிறந்த சான்று வேறோரிடத்தில் உள்ளது. பல்க் நகரப் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ (850–934) எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூல் இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது உடலின் நலம், இரண்டாவது ஆன்மாவின் நலம். உடலைக் கவனிக்கும் மருத்துவர்கள் உள்ளத்தைக் கவனிப்பதில்லை என்று அவர் குறைகூறுகிறார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி கூறுகிறார். துயரத்தில் காரணம் தெரிந்தது ஒருவகை, காரணம் புலப்படாமல் வருவது மறுவகை என்றும், இரண்டாவதற்கு மூலம் உடலிலேயே இருக்கக்கூடும் என்பதால் உடலுக்கும் மருந்து வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். உடல் நலமாக இருக்கும்போதே மருந்துகளைச் சேகரித்து வைப்பது போல, உள்ளம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்து, கலக்கம் வரும்போது அவற்றைக் கொண்டு எதிர்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் ஆலோசனை. தற்கால அறிகைச் சிகிச்சையாளர் எவரும் இவ்வாலோசனையை அந்நியமாகக் கருதமாட்டார்.

மத்ன் அழகானது, ஸனதோ முன்கதிஃ, அதாவது இடையில் அறுந்தது. நூலின் படிகள் இஸ்தான்பூலில் கிடந்தன. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் ஃபிராங்ஃபர்ட்டில் அதன் நகற்பதிப்பை வெளியிட்டார். ஆன்மா பற்றிய பகுதியை மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். வஸ்வாஸ், அச்சம் பற்றிய அவருடைய வருணனைகளை இன்றைய நோயறி வரையறைகளுடன் ஒப்பிடும் கட்டுரைகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வந்தன. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் இந்நூலை மேற்குலகம் மறைத்ததற்குச் சான்றில்லை. அதைப் பாடமாக ஓதி, சோதித்து, விரித்து, ஒரு துறையாக வளர்த்த மாணவர் பரம்பரை நம்மிடம் உருவாகவில்லை. முந்தியவர் என்ற சிறப்பு பல்கீக்கு உண்டு. நிறுவனர் ஆவதற்குப் பின்வருவோர் தேவை. அவரை அந்நிலைக்கு உயர்த்தாமல் விட்டது நாம்தான்.

ஆராயாமல் புகழ்வதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தன்னைப் பசுவென்று எண்ணிய இளவரசரை இப்னு ஸீனா தந்திரமாகக் குணப்படுத்திய கதை நம் சொற்பொழிவுகளில் அடிக்கடி வரும். அது நிழாமீ அரூழியின் 'சஹார் மகாலா'வில் காணப்படுவது. இப்னு ஸீனா மறைந்த 1037க்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. காதல் நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை உச்சரித்து, துடிப்பின் மாற்றத்தால் காதலிக்கப்படுபவரைக் கண்டறியும் முறை 'கானூனில்' உள்ளதே. ஆனால் அதற்கு முன்மாதிரி கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸிடம் இருக்கிறது. இப்னு ஸீனாவின் உண்மையான சாதனையாகிய 'ஷிஃபா'வின் ஆன்மா பற்றிய நூலையும், அதில் அவர் வகுத்த உட்புலன்கள் ஐந்தையும், ஓநாயின் பகைமையைக் கண்ணால் காணாமலே ஆடு உணர்ந்துகொள்வதை விளக்கும் 'வஹ்ம்' என்ற ஆற்றலையும் பேசுவோர் மிகச் சிலரே. கதைகள் எளிதாகப் பரவும். கிதாபுகளை உட்கார்ந்து ஓத வேண்டும்.

ஒரே சொல், இரு நோக்கங்கள்

இவ்விடத்தில் ஓர் ஆழமான கேள்வி எழுகிறது. நம் முன்னோர் 'நஃப்ஸ்' என்றும், மேலைநாட்டார் 'சைக்கி' என்றும் கூறியவை ஒரே பொருள்தானா? அல்-முஹாஸிபீ (ரஹ்) தம் அகத்தின் அசைவுகளை அணுஅணுவாகக் கவனித்தார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வின் மூன்றாம் கால்பகுதியைக் கல்ப், ரூஹ், நஃப்ஸ், அக்ல் என்னும் நான்கு சொற்களின் பொருளை வரையறுப்பதோடு தொடங்குகிறார். டிட்செனரும் அகத்தைக் கவனித்தார். ஆனால் டிட்செனரின் மாணவர் உணர்வின் கூறுகளை எண்ணுவதற்காகக் கவனித்தார். முஹாஸிபீயின் மாணவர் தம் ரப்பின் முன் கணக்குக் கொடுப்பதற்காகக் கவனித்தார். முன்னதில் அகம் ஆய்வுப்பொருள். பின்னதில் அகம் திருத்தப்பட வேண்டிய ஒன்று. தீமையைத் தூண்டும் அம்மாராவிலிருந்து தன்னையே இடித்துரைக்கும் லவ்வாமாவைக் கடந்து, அமைதியுற்ற முத்மயின்னாவை நோக்கி நகர வேண்டிய பயணி.

இவ்வேறுபாட்டை உணர்த்தும் நிகழ்ச்சியொன்றை உளவியல் வரலாற்றாசிரியர் குர்ட் டான்சிகர் 1997இல் வெளியான தமது நூலில் விவரிக்கிறார். 1950களின் இறுதியில் இந்தோனேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கச் சென்றபோது, அங்கே ஏற்கெனவே 'இல்மு ஜீவா' என்றொரு பாடம் நடத்தப்படுவதைக் கண்டார். உள்ளூர்ப் பேராசிரியருடன் சேர்ந்து கூட்டுக் கருத்தரங்கு நடத்த விரும்பி, பொதுத் தலைப்புகளைத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. உந்துதல், கற்றல், நுண்ணறிவு என்று அவர் இயல்பானவையாகக் கருதிய பகுப்புகள் எதுவும் அப்பாடத்தில் தனிப் பகுப்பாக இல்லை. அப்பாடத்தின் பகுப்புகள் அவருக்குப் புரியவில்லை. உள்ளத்தைப் பற்றிய பகுப்புகள் இயற்கை தந்தவையா, ஒரு பண்பாடு வகுத்தவையா என்ற ஐயம் அவருக்கு அங்கே தோன்றியது. அப்பாடத்தின் பெயரே நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. 'இல்மு' நமது அரபுச் சொல். 'ஜீவா' நம் தமிழில் சீவன் என்று வழங்கும் அதே சொல். இரு மரபுகள் இணைந்து உருவாக்கிய துறை அது. நமது மொழியில் அத்தகைய முயற்சி இன்னும் தொடங்கப்படவில்லை.

இங்கே அவசர முடிவொன்றைத் தவிர்க்க வேண்டும். நோக்கம் வேறு என்பதால் நவீன உளவியல் நமக்குத் தேவையில்லை என்று கூறுவோர் உளர். 1979இல் மாலிக் பத்ரீ எழுதிய 'முஸ்லிம் உளவியலாளரின் இக்கட்டு' இவர்களால் அடிக்கடி சான்று காட்டப்படுகிறது. மேலைக் கோட்பாடுகளைக் கண்மூடிப் பின்பற்றுவதை அந்நூல் வன்மையாகக் கண்டித்தது உண்மை. ஆனால் பத்ரீ ஒரு சிகிச்சையாளர். தம் நோயாளிகளுக்குப் பயன்பட்ட முறைகளை அவர் கைவிட்டதில்லை. கோட்பாட்டையும் கருவியையும் அவர் பிரித்துப் பார்த்தார்.

அண்மைக்காலத்தில் உளவியல் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டதும் இதே பாடத்தைத் தருகிறது. 2010இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் இரு சக ஆய்வாளரும், மனித இயல்பு என்ற பெயரில் இத்துறை கூறுபவற்றில் பெரும்பகுதி மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து கூறப்பட்டது என்று எடுத்துக்காட்டினர். 2015இல் 100 ஆய்வுகள் மீண்டும் செய்து பார்க்கப்பட்டபோது, அவற்றில் 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடியும் கிடைத்தது. இதைக் கேட்டு நம்மவரில் சிலர் மகிழ்ந்தனர். மகிழ ஒன்றுமில்லை. பலவீனமான அறிவிப்புகளைத் தம்மவரே தேடிப் பிரித்து உலகறியச் செய்வதற்கு நம் மரபில் 'ஜர்ஹ் வ தஃதீல்' என்று பெயர். அறிவிப்பாளரின் குறைநிறைகளை ஆராயும் அக்கலையை நாம் உளவியலில் செய்யவில்லை; அவர்கள் செய்தார்கள்.

ஏர்வாடி கேட்கும் கேள்வி

யார் முதலில் என்ற வாதம் ஏட்டளவில் நின்றுவிட்டால் கேடில்லை. நிற்பதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரை வைத்துப் பராமரித்த தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தது. மனநோயாளர் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. பல சமயத்தவரும் தம் உறவினரை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்துள்ளது.

நம் முன்னோரின் மாரிஸ்தான்களில் மனநோயாளர் நீரோசையாலும் இசையாலும் ஆற்றப்பட்டனர் என்று பேசி இந்நிகழ்ச்சியைக் கடந்துவிட முடியாது. டமாஸ்கஸ் மாரிஸ்தானைக் கண்ட இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளருக்குச் சிகிச்சை இருந்ததையும் அவர்கள் சங்கிலியில் இருந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். சிகிச்சையும் நம் வரலாறு. சங்கிலியும் நம் வரலாறு. முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவருக்குப் பின்னதை அறுக்கும் கடமை மறந்துபோகும்.

கடமை பெரிய இடங்களில் மட்டும் இல்லை. உளூச் செய்து முடித்தபின் ஐயம் எழுந்து, மீண்டும் மீண்டும் கழுவி, தொழுகை நேரத்தையே இழந்து தவிப்போர் மஸ்அலா கேட்டு நம்மிடம் வருகின்றனர். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹு விதி அவர்களுக்குப் பாதி மருந்து. ஐயத்துக்குப் பணிந்து செயலைத் திரும்பச் செய்யாதிருக்கப் பழக்குவதே தற்கால உளச்சிகிச்சையும் கையாளும் வழி. மறுபாதி மருந்து மருத்துவரிடம் இருக்கிறது. இதனை அறிந்த ஆலிம் நோயாளியை அங்கே அனுப்பி வைப்பார். அறியாதவர் ஈமானின் குறை என்று கடிந்துகொள்வார், அல்லது ஜின்னின் தீண்டல் என்று ஓதிப்பார்ப்பவரிடம் அனுப்புவார். காரணம் புலப்படாத துயரத்துக்கு உடலில் மூலம் இருக்கலாம் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதிய ஒருவரின் வாரிசுகள், நோயாளியைப் பாவி என்று பழிப்பது எவ்வளவு முரண்!

ஆகவே நமது வேண்டுகோள் எளியது. உளவியலை நாம் கண்டுபிடித்தோம் என்று கூறுவதை நிறுத்துவோம். நம்மவர் எழுதியதை ஓதத் தொடங்குவோம். நம் அரபுக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளில் பல்கீயின் ஆன்மா பற்றிய பகுதி பாடமாகட்டும். அதே வகுப்புக்கு மனநல மருத்துவர் ஒருவரும் வந்து பேசட்டும். இருவரையும் கேட்டு வளரும் மாணவரிடமிருந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறுந்த தொடர் மீண்டும் தொடங்கக்கூடும். தவ்ஃபீக் அல்லாஹ்விடம் உள்ளது.